வாய் திறவாத பிள்ளையும் வகுப்பில் பேச...



சென்ற மாதம் ஒருநாள், அஸ்ர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். எங்கள் ஊர்க் கடைவீதியில் மளிகைக்கடை நடத்திவரும் நண்பர் ஒருவர், கவலை தோய்ந்த முகத்துடன் என் அருகில் வந்து அமர்ந்தார். அவருடைய மூத்த மகள் பக்கத்து நகரத்துப் பெண்கள் கல்லூரியில் இளங்கலைப் பொருளியல் இரண்டாம் ஆண்டு பயில்கிறாள்.

"ஹஜ்ரத், இரவு பத்து மணிக்குப் பிள்ளையின் கையில் செல்போன் இருக்கிறது. என்னவென்று கேட்டால், 'பாடம் அத்தா' என்கிறாள். பாடம் புத்தகத்தில் அல்லவா இருக்கும்? நேற்றிரவு போனை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். நான் செய்தது சரிதானே?" என்று கேட்டார்.

உடனே மறுமொழி கூற எனக்கு மனம் வரவில்லை. பெற்ற தந்தையின் அச்சம் தள்ளிவிடத் தக்கதன்று. பிள்ளை சொன்னதைப் பொய்யென்று கொள்ளவும் நம்மிடம் ஆதாரம் இல்லை. "அந்தப் பாடத்தை நாமும் ஒருமுறை பார்த்துவிடலாமே" என்றேன். மஃரிபுக்குப் பின் அவருடன் வீட்டிற்குச் சென்றேன். அலமாரி திறக்கப்பட்டது. மகள் தன் தாயாரின் பக்கத்தில் நின்றபடியே அந்தப் பக்கத்தை எடுத்துத் தந்தையிடம் நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு உரக்கப் படித்தார்.

பேராசிரியை கேட்டிருந்த வினா இதுதான்: "ஓர் ஆண்டு வெங்காயம் அமோகமாக விளைகிறது. ஆனால் விவசாயியின் கைக்கு முந்தைய ஆண்டைவிடக் குறைவான பணமே வருகிறது. விளைச்சல் பெருகியும் வருமானம் சுருங்குவானேன்? பாடநூலின் சொற்களை எழுத வேண்டாம். நீங்கள் கண்ணால் கண்டதை வைத்து எழுதுங்கள்."

அதன்கீழ்ப் பதினொரு மாணவியர் விடை எழுதியிருந்தனர். நான்காவது விடை நண்பரின் மகளுடையது: "என் அத்தா மளிகைக்கடை வைத்திருக்கிறார்கள். வெங்காயம் கிலோ 60 ரூபாய் விற்றபோது எங்கள் தெருவில் ஒரு வீட்டார் வாரத்திற்கு 2 கிலோ வாங்கினார்கள். விலை 20 ரூபாய்க்கு இறங்கியபோது அவர்கள் 6 கிலோ வாங்கவில்லை. 3 கிலோதான் வாங்கினார்கள். அன்று கல்லாவில் 120 ரூபாய் விழுந்தது. இன்று 60 ரூபாய். கடைக்கே இப்படியென்றால் விளைவித்தவருக்கு என்ன மிஞ்சும்?"

படித்துக்கொண்டிருந்தவரின் குரல் சற்றே தாழ்ந்தது. தம் கடையின் கல்லாப்பெட்டி ஒரு கல்லூரியின் பாடமாகியிருப்பதை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. அவ்விடையின்கீழ், பெரம்பலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்து மாணவி ஒருத்தி இவ்வாறு எழுதியிருந்தாள்: "நாங்கள் சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைப்போம். விலை ஏறும்வரை வெங்காயம் காத்திருக்கும். உரக்கடைக் கடன் காத்திருக்காது. அதுசரி, விலை ஏறும்போது உன் அத்தா கடையில் சனங்கள் எவ்வளவு குறைத்து வாங்குகிறார்கள்?"

அந்தக் கேள்வி முந்தைய இரவே கேட்கப்பட்டிருந்தது. விடை சொல்ல வேண்டியவளின் செல்போன் அலமாரிக்குள் பூட்டப்பட்டிருந்ததால், ஒரு நாள் முழுதும் அது விடையின்றிக் கிடந்தது.

வகுப்பறையின் கணக்கு

கல்லூரிப் பாடத்திற்குத் துணையாக இவ்வாறு இணையவழியில் நடைபெறும் குழு விவாதங்களைப் பற்றி இம்மாதம் சிந்திப்போம். வகுப்பறை இருக்கும்போது இது எதற்கு என்று பலர் கேட்கின்றனர். அதற்கு விடை ஓர் எளிய கணக்கில் இருக்கிறது.

ஒரு வகுப்பில் 60 மாணவர்கள் இருப்பதாகக் கொள்வோம். பாடவேளை 50 நிமிடம். வருகைப் பதிவுக்கு 5 நிமிடமும் விரிவுரைக்கு 35 நிமிடமும் கழிந்தால் எஞ்சுவது 10 நிமிடம், அதாவது 600 விநாடி. அதைப் பங்கிட்டால் ஆளுக்குப் பத்து விநாடி. உண்மையில் அந்தப் பத்து விநாடியும் எல்லார்க்கும் கிட்டுவதில்லை. முன்வரிசையில் அமர்ந்து, முதலில் கை உயர்த்தி, தடையின்றிப் பேசவல்ல நான்கைந்து பேரே அந்நேரத்தை எடுத்துக்கொள்கின்றனர். ஏனையோர் மூன்றாண்டுகள் செவிகொடுத்துக் கேட்டுவிட்டுப் பட்டத்துடன் வீடு திரும்புகின்றனர்.

மேரி பட் ரோ என்னும் அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் பள்ளி வகுப்புகளை ஆராய்ந்து ஓர் உண்மையை வெளிப்படுத்தினார். ஆசிரியர் வினாவைக் கேட்டபின், விடைக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடிதான்! அதை மூன்று விநாடியாக உயர்த்தியபோது விடைகள் நீண்டன. காரணம் காட்டிப் பேசுவது கூடியது. அதுவரை பேசாதிருந்த பிள்ளைகளும் வாய் திறந்தனர். இரண்டு விநாடி கூடுதலாகக் காத்திருந்ததற்கே இத்துணைப் பயன் என்றால், ஒரு நாள் முழுதும் காத்திருந்தால் என்ன ஆகும்?

எழுத்து வழியாக நடைபெறும் குழு விவாதம் அந்த ஒரு நாளைத் தருகிறது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் பயின்று, ஆங்கில வழியில் கல்லூரிப் பாடம் கேட்கும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். வினாவின் பொருளை உணர்ந்து, விடையை மனத்தில் அமைத்து, அதை ஆங்கிலத்தில் கோப்பதற்குள் வகுப்பு அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுகிறது. அப்பிள்ளைக்கு அறிவு குறைவில்லை, அவகாசந்தான் குறைவு.

பழைய வழக்கத்தின் புதிய வடிவம்

இது நேற்று முளைத்த முறையன்று. மத்ரஸாவில் பாடம் சொல்லித் தரும் எனக்கு இதைக் கண்டபோது எங்கள் மாலைநேரங்களே நினைவுக்கு வந்தன. மறுநாள் பாடத்தை மாணவர் தாமே முன்னதாகப் படித்து வைப்பதை 'முதாலஆ' என்போம். உஸ்தாது நடத்திய பாடத்தை மாணவர்கள் வட்டமாக அமர்ந்து, ஒருவர் சொல்ல மற்றவர் வினவ, மீட்டுப் பேசுவதைத் 'தக்ரார்' என்போம். உஸ்தாதின் முன் வாய் திறக்கத் தயங்கும் மாணவன் தக்ராரில் தன் ஐயத்தைத் தயங்காமல் கேட்பான். பாடம் நெஞ்சில் பதிவது பெரும்பாலும் அப்போதுதான்.

கணினி வழியாக அத்தகைய வட்டத்தை அமைக்கும் முயற்சிக்கும் அரை நூற்றாண்டு வயதாகிவிட்டது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 'பிளேட்டோ' என்னும் கற்பித்தல் கணினி அமைப்பு இருந்தது. அதில் பலரும் எழுதி மறுமொழி தரும் குறிப்பேடு ஒன்றை 1973ஆம் ஆண்டு டேவிட் வூலி என்ற பதினேழு வயது இளைஞர் உருவாக்கினார். 1988இல் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தகவல் தொழில்நுட்பப் பாடமொன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வீட்டுக் கணினி வழியாகவே விவாதத்தில் பங்கேற்கச் செய்தது. நம் நாட்டில் மத்திய அரசு 2017 ஜூலையில் தொடங்கிய 'ஸ்வயம்' இணையக் கல்வித் திட்டம் நான்கு தூண்களின்மீது நிற்கிறது: காணொளி விரிவுரை, வாசிப்புப் பாடம், தன்மதிப்பீட்டுத் தேர்வு, ஐயம் தீர்க்கும் இணைய விவாத மன்றம். விவாதத்தை ஓர் ஒட்டுப்பொருளாக எண்ணாமல், கல்வியின் நான்கில் ஒரு பகுதியாகவே அதில் வைத்திருக்கின்றனர்.

பாட்னா மாணவியின் மௌனம்

பெண்மக்களைப் பெற்றோர் கேட்க வேண்டிய வரலாறு ஒன்றுண்டு. பூஜா நாத் என்னும் மாணவி பாட்னாவில் பெண்கள் மட்டுமே பயிலும் பள்ளியில் படித்தவர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் கணினிப் பொறியியல் பயிலச் சென்றபோது, அவ்வகுப்பிலிருந்த மிகச் சில பெண்களுள் அவரும் ஒருவர். மாணவர்கள் கூட்டமாக அமர்ந்து ஒருவருக்கொருவர் ஐயங்களைத் தீர்த்துக்கொண்டனர். ஆண்களுடன் பேசிப் பழகியிராத அவர் கூச்சத்தால் ஒதுங்கி நின்று, தெரியாததைத் தனியே கிடந்து போராடிக் கற்றார்.

பின்னாளில் அமெரிக்கா சென்று ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மேலாண்மை பயின்றபோது, அந்த மௌனத்திற்கு ஒரு மருந்து காண முனைந்தார். 2009இல் அவர் தொடங்கிய 'பியாஸா' என்னும் தளம், ஒரு வகுப்பின் மாணவர்கள் பாட ஐயங்களை எழுதிக் கேட்கவும், மற்ற மாணவரும் ஆசிரியரும் விடையளிக்கவும் அமைந்தது. சக மாணவர்களுக்குத் தம் பெயர் தெரியாமலே வினவும் வசதியையும் அதில் வைத்தார். 'இது கூடத் தெரியாதா?' என்ற ஏளனத்திற்கு அஞ்சும் மாணவருக்கு அது ஒரு திரை. பல நாட்டுப் பல்கலைக்கழக வகுப்புகளில் அது பயன்பாட்டுக்கு வந்தது.

பூஜாவின் கூச்சம் நம் வீடுகளுக்குப் புதியதா? அடக்கமாக வளர்க்கப்பட்ட நம் பெண்மக்கள் எத்தனை பேர், கேட்க வேண்டியதைக் கேளாமலே கல்லூரியைக் கடந்து வருகின்றனர்? அடக்கம் அழகுதான். ஐயத்தை அடக்கிக்கொள்வது அழகாகாது.

குழு வேறு, விவாதம் வேறு

இனி மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனாவின் காரணமாகக் கல்லூரிகள் மூடப்பட்டபோது, வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு தோன்றியது. கல்லூரிகள் திறந்த பின்னரும் அவை தொடர்ந்தன. பல குழுக்களில் நடப்பது என்ன? தேர்வு அட்டவணை, கட்டண அறிவிப்பு, காலை வணக்கப் பூங்கொத்து, 'சரி மேடம்' என்ற அறுபது மறுமொழிகள்! இதற்கு விவாதம் என்று பெயரிட்டால் அறிவிப்புப் பலகையையும் நூலகம் என்று அழைக்கலாம்.

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் ஆகிய மூவர், 2000ஆம் ஆண்டை ஒட்டி இத்தகைய எழுத்து விவாதங்களை வரி வரியாக ஆராய்ந்தனர். கற்றல் நிகழ மூன்று 'இருப்புகள்' வேண்டும் என்பது அவர்தம் கருத்து. மாணவர்கள் ஒருவரையொருவர் மனிதராக உணர்தல் முதலாவது. பொருளைத் துருவிச் சிந்தித்தல் இரண்டாவது. ஆசிரியர் உடனிருந்து நெறிப்படுத்தல் மூன்றாவது. சிந்தனை என்பதும் நான்கு படிகளில் ஏறுகிறது: ஒரு வினா எழுதல், பல கருத்துகளைத் தேடிக் குவித்தல், அவற்றை இணைத்தல், ஒரு முடிவைக் கண்டு சோதித்தல்.

2001இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், எடுத்துக்கொண்ட செய்திகளுள் நூற்றுக்கு 42 இரண்டாம் படியிலேயே நின்றிருந்தன. நான்காம் படியை எட்டியவை நூற்றுக்கு 4 மட்டுமே. அஃதாவது, ஆளுக்கொன்று சொல்லிக் கலைந்துவிடுவது எளிது. சொன்னவற்றைக் கோத்து ஒரு முடிவுக்கு வருவது அரிது. அந்தக் கோக்கும் நூல் ஆசிரியரின் கையில்தான் இருக்கிறது.

ஆகவே விரிவுரையாளர்கள் நான்கு செயல்களில் கருத்தைச் செலுத்தினால் நலம் பயக்கும்.

முதலாவது, வினாவின் அமைப்பு. 'தேவையின் நெகிழ்ச்சி என்றால் என்ன?' என்று கேட்டால் அறுபது பேரும் ஒரே பத்தியைப் படியெடுத்து எழுதுவர். 'வெங்காய விவசாயியின் வருமானம் ஏன் சுருங்கியது?' என்று கேட்டால் அறுபது வீடுகளின் அனுபவம் அங்கே வந்து சேரும்.

இரண்டாவது, குழுவின் அளவு. அறுபது பேரின் கூட்டத்தில் ஒளிந்துகொள்ள இயலும்; ஆறேழு பேர் கொண்ட வட்டத்தில் இயலாது.

மூன்றாவது, பிறரைப் பார்த்து எழுதுவதைத் தடுத்தல். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கி 2002இல் வெளியிட்ட 'மூடுல்' என்னும் கட்டணமற்ற மென்பொருளை நம் நாட்டுக் கல்லூரிகள் பலவும் பயன்படுத்துகின்றன. அதில் ஒரு வகை விவாத மன்றம் உண்டு. மாணவர் தம் விடையை முதலில் பதிந்தால்தான் மற்றவர் விடைகள் அவர் கண்ணுக்குத் தெரியும். எளிய ஏற்பாடுதான், ஆயினும் முதல் சிந்தனையை ஒவ்வொருவரும் தாமே செய்தாக வேண்டிய கட்டாயத்தை அது உண்டாக்குகிறது.

நான்காவதும் தலையாயதும், இரவு எழுதப்பட்டதைக் காலையில் வகுப்பறைக்குள் கொண்டுவருதல். எழுதியவற்றை ஆசிரியர் முன்னதாகப் படித்து, எங்கே புரியவில்லை என்பதறிந்து, அதற்கேற்ப அன்றைய பாடத்தை அமைக்கும் முறையை அமெரிக்கக் கல்லூரிகளின் இயற்பியல் ஆசிரியர்கள் 1990களிலேயே கையாண்டனர். எழுத்தில் நடந்த விவாதம் வகுப்பில் ஒலிக்கவில்லையெனில், 'யார் படிக்கப் போகிறார்கள்?' என்று மாணவர் ஓரிரு வாரங்களில் ஓய்ந்துவிடுவர்.

பெற்றோரின் அச்சமும் நியாயமே

என் நண்பரின் கவலைக்கு வருவோம். பெற்றோர் அஞ்சுவதில் பொருள் இல்லாமலில்லை. பொதுவாக வாட்ஸ்அப் குழுவில் ஓர் உறுப்பினரின் எண்ணை மற்றவர் பார்க்க இயலும். ஆண்களும் பெண்களும் சேர்ந்து பயிலும் வகுப்பில் அந்த எண் எங்கெங்கே செல்லும் என்பதை யாரால் உறுதி கூற முடியும்? அதற்காக விவாதத்தையே தடுத்துவிட வேண்டியதில்லை. மூடுல், கூகுள் கிளாஸ்ரூம் முதலியவற்றில் கைபேசி எண்ணைச் சக மாணவர்க்குக் காட்டாமலே வகுப்பு விவாதத்தை நடத்தலாம். 'அவ்வாறு செய்யுங்கள்' என்று கல்லூரியிடம் கேட்கும் உரிமை பெற்றோர்க்கு உண்டு. பெற்றோர் கூட்டத்தில் கட்டணத்தைப் பற்றிப் பேசும் நாம், இதைப் பற்றியும் பேசலாமே!

இரண்டாவது அச்சம், பிள்ளை தானே எழுதுகிறதா என்பது. 2022 நவம்பரில் 'சாட்ஜிபிடி' வெளிவந்தபின் எந்த வினாவுக்கும் இயந்திரம் நொடியில் விடை எழுதித் தருகிறது. இயந்திரத்திடம் எழுதி வாங்கி ஒட்டுவதில் மதிப்பெண் கிடைக்கலாம், கல்வி கிடைக்காது. ஆயினும் இதற்கும் காப்பு உண்டு. தம் வீடு, தம் தெரு, தம் ஊர் இவற்றிலிருந்து சான்று கேட்டாலும், எழுதியதை மறுநாள் வகுப்பில் வாய்மொழியாக விளக்கச் சொன்னாலும், இரவல் விடை நெடுநேரம் நிற்காது. உரக்கடைக் கடன் காத்திருக்காது என்பதை அந்தப் பெரம்பலூர்ப் பிள்ளை எந்த இயந்திரத்திடமும் கேட்டு எழுதவில்லை.

வீட்டில் செய்யத்தக்கவை

மூன்றாவது, வீட்டுக்குள் நம் கையிலேயே இருக்கும் செய்தி. நம் இல்லங்கள் பலவற்றில் ஒரே செல்போனை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொள்கின்றனர். அதில் முதல் உரிமை அண்ணனுக்கு, அடுத்தது தம்பிக்கு, மிச்சமிருந்தால் அக்காளுக்கு என்ற முறை எழுதப்படாத சட்டமாக இருக்கிறது. அவள் முறை வரும்போது மணி பத்தாகிவிடுகிறது. பத்து மணிக்குச் செல்போனை எடுத்தாள் என்ற குற்றமும் அவள்மேலேயே விழுகிறது! மகளின் பாடத்திற்கென்று இரவு எட்டிலிருந்து ஒன்பது மணிவரை ஒதுக்கிக் கொடுங்கள். கூடத்தில் எல்லாரும் இருக்கும் இடத்தில் அமர்ந்து எழுதட்டும். வாரத்திற்கொரு முறை, 'இந்த வாரம் என்ன விவாதம், எனக்கும் படித்துக் காட்டு' என்று கேளுங்கள். கண்காணிப்பும் ஆகும்; பிள்ளையின் கல்வியில் பெற்றோர் பங்குகொண்டதும் ஆகும். கல்லூரிகளும், விடையளிக்க ஓரிரவு மட்டும் என்றிராமல் இரண்டு நாள் அவகாசம் தந்தால், தனிச் செல்போன் இல்லாத பிள்ளைகள் பின்தங்க மாட்டார்கள்.

தொடங்கிய இடத்திற்கே வருகிறேன். விடையின்றிக் கிடந்த அந்தக் கேள்வியை நண்பர் இருமுறை படித்தார். பிறகு மகளைப் பார்த்து, "கிலோ நூறு ரூபாயைத் தொட்டபோதும் அந்த வீட்டார் ஒன்றரை கிலோவுக்குக் குறைத்து வாங்கவில்லை. வெங்காயமில்லாமல் சட்டி அடுப்பில் ஏறுமா? இதையும் எழுதும்மா" என்றார். மகள் எழுதினாள். அவர் சொல்லச் சொல்ல, கடையின் பேரேட்டிலிருந்து இன்னும் இரண்டு கணக்குகளையும் சேர்த்து எழுதினாள்.

இரண்டு நாள் கழித்து அவரே என்னைத் தேடி வந்தார். பேராசிரியை அந்த எழுத்தைக் கரும்பலகையில் வரைபடமாகப் போட்டுக் காட்டி, எழுதியவளை எழுந்து விளக்கச் சொன்னாராம். மூன்று பருவமாக வகுப்பில் ஒரு வார்த்தை பேசியிராத பிள்ளை, கரும்பலகையின் அருகே நின்று ஐந்து நிமிடம் பேசினாளாம். பெரம்பலூர் மாணவி பட்டறைக் கணக்கைக் கொண்டு மறுத்தாளாம். இவள் மீண்டும் விடை சொன்னாளாம்.

"அலமாரிச் சாவி எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன்.

"கல்லாவில்தான் இருக்கிறது, ஹஜ்ரத். ஆனால் இப்போது அந்த அலமாரியில் கடைக் கணக்கு மட்டும்தான்" என்று கூறிச் சிரித்தார்.

பெற்றோர் பெருமக்களே! பூட்டுவதற்குமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள். தீயதாயின் தடுக்கும் கடமை உங்களுக்கு உண்டு. நல்லதாயின், உங்கள் பிள்ளையின் மறுமொழிக்காக அங்கே எவரேனும் ஒருவர் காத்திருக்கக்கூடும். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் மீண்டும் சந்திப்போம்.